பீதுருதாலகாலையின் அடிவாரத்தில் சில மாலைப்பொழுதுகள்

2011ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் 15ஆம் திகதி டைட்டஸ் தொட்டவத்த காலமானார். அப்போது நான் கொழும்பில் ஒரு தமிழ்ப் பத்திரிகையின் செய்தி மேசையில் இருந்தேன். சிங்களப் பத்திரிகைகளில் பணியாற்றிய நண்பர்கள் அவரைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுவதற்கு ஆயத்தமாகிக்கொண்டிருந்தார்கள். எங்கள் மேசையில் அந்தச் செய்தி எட்டு வரிகளாகச் சுருங்கியது. "நம்முடைய வாசகர்களில் எத்தனை பேருக்கு இவரைத் தெரியப்போகிறது?" என்று பக்கம் அமைத்துக்கொண்டிருந்த நண்பர் கேட்டார். நியாயமான கேள்விதான். நானும் வாதாடவில்லை. எட்டு வரிகளை எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போனேன்.

ஆனால், எனக்கு அவரைத் தெரியும். டிக்கோயாப் பக்கத்துத் தோட்டமொன்றின் லயத்தில் பிறந்து வளர்ந்தவன் நான். அந்த மனிதரின் பெயரை அறியாத வயதிலேயே, அவர் பேசவைத்த முயலும் பூனையும் எங்கள் வீட்டு மனிதர்களைப்போல எனக்குப் பழக்கமாகியிருந்தன. அன்று எழுதாமல் விட்டதை இப்போதாவது எழுதிவிட வேண்டும் என்று தோன்றுகிறது. இந்தப் பக்கத்துக்கு ஆசிரியரும் நானே, பக்கம் அமைப்பவனும் நானே. எட்டு வரிக் கட்டுப்பாடு இங்கே இல்லை.

இலங்கைக்குத் தொலைக்காட்சி வந்த கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1979ஆம் ஆண்டு ஏப்ரல் 13ஆம் திகதி, புத்தாண்டுக்கு முதல்நாள், ஷான் விக்கிரமசிங்க உள்ளிட்ட சிலர் தனியார் முயற்சியாக ஐ.ரி.என். என்ற சுயாதீனத் தொலைக்காட்சியைத் தொடங்கினார்கள். கொழும்பையும் அதன் சுற்றுப்புறத்தையும் தாண்டாத சிறிய ஒளிபரப்பு அது. இரண்டு மாதங்கள் முடிவதற்குள், ஜூன் 5ஆம் திகதி அரசாங்கம் அதைக் கையேற்றது. நாடு முழுவதற்குமான தொலைக்காட்சி, ஜப்பானிய அரசின் நன்கொடையோடு 1982ஆம் ஆண்டு பெப்ரவரி 15ஆம் திகதி ஆரம்பமானது. அதுதான் ரூபவாஹினி. கொழும்பில் கலையகம் இருந்தாலும், படத்தை நாடெங்கும் அனுப்பிய பிரதான கோபுரம் நுவரெலியாவில் இருந்தது. 2,524 மீற்றர் உயரமுள்ள பீதுருதாலகாலை, இலங்கையின் மிக உயர்ந்த மலை. அதன் அடிவாரத்திலேயே பீதுரு தோட்டத்துத் தேயிலை தொடங்கிவிடுகிறது.

அக்கோபுரத்திலிருந்து புறப்பட்ட படம் கடலைத் தாண்டித் தூத்துக்குடி, இராமநாதபுரம், திருநெல்வேலிப் பக்கங்களுக்கெல்லாம் போனது. சென்னைத் தொலைக்காட்சி அங்கே எட்டிப்பார்க்காத காலத்தில், நீண்ட மூங்கிலிலும் இரும்புக் குழாயிலும் அன்ரெனாவைக் கட்டி ரூபவாஹினி பார்த்தவர்களை நான் பிற்காலத்தில் தமிழ்நாட்டில் சந்தித்திருக்கிறேன். "உங்க ஊர் டிவியிலதான் நாங்க மொத மொதல்ல கிரிக்கெட் பார்த்தோம்" என்று அவர்கள் உரிமையோடு சொல்வார்கள். எங்களுக்கோ நிலைமை வேறு. தொலைக்காட்சி அலைகள் ஏறக்குறைய நேர்கோட்டில் செல்பவை. குறுக்கே ஒரு மலை நின்றால் அதன் மறுபுறம் நிழல்தான். பீதுருதாலகாலைக்கும் எங்கள் பள்ளத்தாக்குக்கும் நடுவே கிரேட் வெஸ்டர்ன் மலைத்தொடர் கிடக்கிறது. கடலுக்கு அப்பால் தெளிவாகத் தெரிந்த படம், சில பத்துக் கிலோமீற்றர் தொலைவிலிருந்த எங்களுக்குப் பனிமூட்டமாகவே தெரிந்தது. விளக்கடியில் இருள் என்பதை நாங்கள் பள்ளிக்கூடத்தில் படிக்கவில்லை, கண்ணால் பார்த்தோம்.

எங்கள் தோட்டத்தில் முதலில் தொலைக்காட்சி வாங்கியவர் டீமேக்கர். பெரிய துரை பங்களாவிலும் ஒன்று இருந்ததாகச் சொல்வார்கள். அங்கே எட்டிப் பார்ப்பதற்கு எங்களில் யாருக்குத் துணிவு? லயங்களுக்கு அப்போது மின்சாரம் கிடையாது, குப்பிவிளக்குத்தான். ஸ்டோருக்கும் உத்தியோகத்தர் வீடுகளுக்கும் மட்டும் மின்சாரம் இருந்தது. டீமேக்கர் வீட்டுக்குப் பின்னால் ஒரு மேட்டில் நீண்ட கம்பம் நட்டு அன்ரெனாவைக் கட்டியிருந்தார்கள். மாலையில் கொழுந்து நிறுத்து முடிந்து, அம்மாமார் லயத்துக்குத் திரும்பும் வேளையில், நாங்கள் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள் அந்த வீட்டு ஜன்னலுக்கு வெளியே கூடிவிடுவோம். எங்களில் ஒருவன் மேட்டில் ஏறி நின்று கம்பத்தைத் திருப்ப வேண்டும். "இன்னும் கொஞ்சம்... விடு விடு... ஐயோ போச்சு!" என்று கீழேயிருந்து குரல் கொடுப்போம். கம்பம் திருப்புகிறவனுக்குப் படம் பார்க்கக் கிடைக்காது. ஆகவே முறைவைத்துக்கொண்டோம். டீமேக்கர் ஐயாவின் மனைவி நல்லவர். மழை நாட்களில் ஜன்னலை மூடாமல் விட்டுவைப்பார். உள்ளே வாருங்கள் என்று ஒருநாளும் அழைத்ததில்லை. அப்படி அழைக்கக்கூடும் என்று நாங்களும் எண்ணியதில்லை.

1983 ஜூலை வந்தது. நுவரெலியா நகரம் எரிந்தது. எங்கள் தோட்டத்தில் பல இரவுகள் பெரியவர்கள் உறங்காமல் காவலிருந்தார்கள். அதற்கு முன்னரே, 1964ஆம் ஆண்டின் சிறிமா-சாஸ்திரி உடன்படிக்கைப்படி இந்தியாவுக்குப் போகிறவர்கள் போய்க்கொண்டுதான் இருந்தார்கள். என் வகுப்பில் ஒவ்வொரு தவணையும் இரண்டு மூன்று இடங்கள் வெறுமையாகும். 1984இல் தலைமன்னார்க் கப்பல் நின்றுபோகும்வரை அது ஓயவில்லை. 1981ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பில் இந்தியத் தமிழர் என்று பதியப்பட்டவர்கள் 8 இலட்சத்து 18 ஆயிரத்துக்கும் அதிகமானோர். அவர்களில் ஒரு பெரும்பகுதியினருக்கு எந்த நாட்டுக் குடியுரிமையும் இருக்கவில்லை. இதை இங்கே சொல்வதற்குக் காரணம் உண்டு. எண்பதுகளின் நடுப்பகுதியில், இந்த அச்சத்துக்கும் கலக்கத்துக்கும் நடுவில்தான் ரூபவாஹினியின் மாலைநேரச் சிறுவர் நிகழ்ச்சிகள் அவற்றின் உச்சத்தைத் தொட்டன.

தொடக்கத்தில் வெளிநாட்டுச் சித்திரப்படங்களை ஆங்கிலத்திலேயே காட்டினார்கள். குரங்கு ஓடுவதும் விழுவதும் எந்த மொழிக்கும் பொதுவானவை என்பதால் நாங்கள் சிரித்தோம். பின்னர் டைட்டஸ் தொட்டவத்தவின் பொறுப்பில் குரல்மாற்றுப் பிரிவு ஒன்று இயங்கத் தொடங்கியது. அவர் யார் என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். 1929இல் பிறந்தவர். அரசாங்கத் திரைப்படப் பிரிவில் வேலை பார்த்தவர். லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸும் ஒளிப்பதிவாளர் வில்லியம் பிளேக்கும் அந்த உத்தியோகத்தை உதறிவிட்டு வெளியேறியபோது, மூன்றாமவராக உடன் வெளியேறியவர். அம்மூவரும் சேர்ந்து உருவாக்கியதே 1956இல் வெளிவந்த 'ரேகாவ'. சிங்களத் திரைப்படம் தென்னிந்திய ஸ்டூடியோக்களின் சாயலிலிருந்து விடுபட்டது அந்தப் படத்தோடுதான் என்பார்கள். அதன் படத்தொகுப்பாளர் தொட்டவத்த. 1979இல் 'ஹந்தயா' என்ற சிறுவர் படத்தை இயக்கினார். இத்தாலியின் கிஃபோனி சிறுவர் திரைப்பட விழாவில் அது பரிசு பெற்றது. இத்தகைய ஒருவர் தமது ஐம்பதுகளில், முயலுக்கும் பூனைக்கும் வசனம் எழுதும் அறைக்குள் போய் உட்கார்ந்தார். அதைத் தகுதிக்குக் குறைந்த வேலையாக அவர் கருதவில்லை. இதுவே அந்தச் சிறுவர் நேரத்தின் வெற்றிக்கு முதற்காரணம் என்பது என் கருத்து.

அவர் சொல்லுக்குச் சொல் மொழிபெயர்க்கவில்லை. அமெரிக்க நகைச்சுவையைக் கழற்றி வைத்துவிட்டு, கிராமத்துச் சிங்களப் பழமொழியையும் கிண்டலையும் பாட்டையும் அந்த இடத்தில் பொருத்தினார். பக்ஸ் பனி என்ற அமெரிக்க முயல், 'ஹா ஹா ஹரி ஹாவா' என்ற சிங்கள முயலாகிவிட்டது. 'பிஸ்ஸு பூஸா' என்றொரு கிறுக்குப் பூனை. எல்லாவற்றுக்கும் மேலாக 'தொஸ்தர ஹொந்த ஹித'. நல்ல மனம் படைத்த வைத்தியர் என்று பொருள். டாக்டர் டூலிட்டில் என்ற ஆங்கிலக் கதை, அமெரிக்கச் சித்திரத் தொடராகி, சிங்களத்தில் இப்படியொரு பெயர் பெற்றது. மூலக்கதையை எழுதிய ஹியூ லொஃப்டிங், முதலாம் உலகப்போரின் பதுங்குகுழியிலிருந்து தம் பிள்ளைகளுக்கு எழுதிய கடிதங்களில்தான் அந்த வைத்தியரை முதலில் படைத்தார். போரைப் பற்றிப் பிள்ளைகளுக்கு எழுத மனம் வரவில்லை. ஆகவே, விலங்குகள் ஒவ்வொன்றின் மொழியையும் கற்றுக்கொண்டு அவற்றுக்கு வைத்தியம் பார்க்கும் ஒரு மனிதரைப் பற்றி எழுதினார். மொழியின் பெயரால் பிளந்து கிடந்த ஒரு நாட்டில் பிள்ளைகளின் மனத்தைப் பிடித்த கதை இது! இந்தப் பொருத்தத்தை அந்நாளில் எந்த அரசியல்வாதியாவது கவனித்திருப்பாரா என்று நான் எண்ணிப்பார்ப்பதுண்டு.

ஜன்னலுக்கு வெளியே நின்ற எங்களுக்குத் தொடக்கத்தில் பாதிதான் புரிந்தது. அப்பா சந்தையில் பேசும் சிங்களம் வேறு, இந்த முயல் பேசும் சிங்களம் வேறு. கீழ்க் கிராமத்திலிருந்து ஸ்டோருக்கு வேலைக்கு வந்தவரின் மகன் ஒருவன் எங்களோடு நின்று பார்ப்பான். அவன் முதலில் சிரிப்பான். ஏன் சிரித்தான் என்று அவனிடம் கேட்டு அறிந்து, இரண்டாவதாக நாங்கள் சிரிப்போம். ஓராண்டு கடந்தபோது எல்லோரும் ஒரே நேரத்தில் சிரித்தோம்.

இதன் பயனை நான் உணர்ந்தது பல ஆண்டுகளுக்குப் பிறகு. பேராதனையில் பட்டப்படிப்பை முடித்துக் கொழும்பில் வேலைக்குச் சேர்ந்த புதிதில், இரவு பஸ்ஸில் வந்துகொண்டிருந்தோம். சோதனைச் சாவடியில் எல்லோரையும் இறக்கினார்கள். என் அடையாள அட்டையைப் பார்த்த சிப்பாய், தமிழனாகிய நீ இவ்வளவு சிங்களம் எங்கே கற்றாய் என்று கேட்டார். 'ஹா ஹா ஹரி ஹாவா' என்றேன், அச்சத்தில் வாயில் வந்ததை. அவருக்கு என் வயதுதான் இருக்கும். சிரித்துவிட்டார். முயலின் வசனம் ஒன்றைத் தானும் சொல்லிக் காட்டி, அட்டையைத் திருப்பித் தந்தார். என்னோடு வந்த நண்பர் யாழ்ப்பாணத்தவர். அவருக்குச் சிங்களம் தெரியாது, முயலையும் தெரியாது. அவரை அந்த இரவு தடுத்துவைத்துவிட்டார்கள். மறுநாள் மாலைதான் திரும்பி வந்தார். முயல் என்னைக் காப்பாற்றியது என்று இந்தக் கதையை நான் பல இடங்களில் வேடிக்கையாகச் சொல்லியிருக்கிறேன். நண்பரைப் பற்றிய பகுதியைச் சொன்னதில்லை.

அவர் முயலை அறியாமல் போனதற்கும் ஒரு கோபுரமே சாட்சி. வடக்கே கொக்காவிலில் ரூபவாஹினியின் ஒளிபரப்புக் கோபுரம் ஒன்று இருந்தது. 1990இல் போரில் அது அழிந்தது. அவ்விடத்தில் புதிய கோபுரம் எழுந்தது 2011இல். இடைப்பட்ட இருபது ஆண்டுகளில் அங்கே பிறந்த பிள்ளைகளுக்கு மின்சாரமே அபூர்வமாக இருந்தபோது, மாலைநேரச் சித்திரப்படத்துக்கு எங்கே போவது?

இனி, என் மனத்தை நெடுநாளாக உறுத்தும் விடயத்துக்கு வருகிறேன். தமிழில் ஏன் ஒரு தொட்டவத்த தோன்றவில்லை?

திறமைசாலிகள் இல்லை என்று சொல்ல முடியாது. இலங்கை வானொலியின் தமிழ் நாடகத்துறை 'சானா' சண்முகநாதன் காலத்திலேயே வேரூன்றிவிட்டது. எழுபதுகளில் ராமதாஸ் எழுதிய 'கோமாளிகள்' வானொலி நாடகம் நாட்டின் வெவ்வேறு பேச்சுவழக்குகளை ஒரே மேடையில் மோதவிட்டுச் சிரிக்கவைத்தது. 1976இல் அது திரைப்படமாகவும் வந்தது. அதற்கு முந்திய ஆண்டில் வி.பி.கணேசன், தோட்டத் தொழிலாளரை மையமாக வைத்துப் 'புதிய காற்று' என்ற படத்தையே தயாரித்தார். பிள்ளைகளுக்கென்றால், வானொலியில் 'சிறுவர் மலர்' இருந்தது. சரவணமுத்து போன்ற 'வானொலி மாமா'க்கள் நாடறிந்தவர்கள். பிற்காலத்தில் உலகத் தமிழர் அறிந்த ஒலிபரப்பாளர்கள் சிலர், சிறுவராக அந்த நிகழ்ச்சியில் பேசியே ஒலிவாங்கிக்குப் பழகினார்கள். எங்கள் லயத்தில் பற்றரி வானொலி இருந்த வீடுகளில் அது ஒலிக்கும். ஜன்னலுக்கு வெளியே நின்று கேட்க வேண்டியதில்லை. கேட்பவர்கள் எல்லோரும் உள்ளேதான் இருந்தார்கள்.

வேறுபாடு இதுதான். வானொலியில் தமிழுக்கு ஒரு சேவை இருந்தது. தனி அலைவரிசை, தனி அதிகாரிகள், காலையிலிருந்து இரவுவரை நிரப்பவேண்டிய நேரம். நேரம் நிறைய இருந்ததால் பிள்ளைகளுக்கும் அதில் பங்கு கிடைத்தது. தொலைக்காட்சியில் தமிழுக்குக் கிடைத்தது ஓர் ஒதுக்கீடு. செய்தி, சமய நிகழ்ச்சி, இசை, எப்போதாவது ஒரு நாடகம், ஒரு திரைப்படம். அந்த ஒதுக்கீட்டை ஒப்பேற்றுவதற்கே அங்கிருந்த தமிழ் அதிகாரிகள் போராடவேண்டியிருந்தது. குரல்மாற்றுக்குக் கலையகமும் குழுவும் மாதக்கணக்கான உழைப்பும் வேண்டும். வாரத்துக்குச் சில மணி நேரமே தமிழில் போகும் ஓர் அலைவரிசையில் அதற்கு யார் பணம் ஒதுக்குவார்கள்? 1987இல் பதின்மூன்றாவது திருத்தத்தின் மூலம் தமிழும் ஆட்சிமொழியானது. முயலுக்கு அந்தத் திருத்தம் எட்டவில்லை. தனிமனிதர் எவரும் இதற்குக் குற்றவாளி அல்லர். ஆனாலும், மலையகப் பேச்சுத்தமிழில் ஒரு சித்திரப்படமாவது வந்திருந்தால், லயத்துப் பிள்ளை தன்னுடைய மொழியைப் பற்றி வேறுவிதமாக எண்ணியிருக்கும் என்பதில் எனக்கு ஐயமில்லை. 'தோட்டக்காட்டான்' என்று நகரத்துப் பள்ளிகளில் எங்களை ஏளனம் செய்தபோது, முதலில் நாங்கள் மாற்றிக்கொண்டது பேச்சைத்தான்.

சிறுவர் நேரத்தின் வீழ்ச்சி ஒரே நாளில் நிகழ்ந்ததன்று. தொண்ணூறுகளில் தனியார் அலைவரிசைகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. நாடு முழுவதும் ஒரே நேரத்தில் ஒரே படத்தைப் பார்த்த காலம் அதோடு முடிந்தது. மாலைநேரம் விளம்பரக்காரர்களுக்குப் பொன்னான நேரமாயிற்று. தொடர்நாடகங்கள் முன்னும் பின்னும் நெருக்கின. சித்திரப்படங்கள் தொடர்ந்து வந்துகொண்டுதான் இருந்தன. ஆனால், ஒரு படத்துக்காகப் பல வாரங்கள் செலவிடும் அந்தக் கைவினை அரிதாகிவிட்டது. பழைய 'தொஸ்தர'வையே மீண்டும் மீண்டும் போட்டார்கள். அவரைப் பார்த்து வளர்ந்தவர்கள் தம் பிள்ளைகளை அருகில் இருத்திப் பார்த்தார்கள். பிள்ளைகள் எழுந்து போய்விட்டார்கள்.

தமிழுக்கு இந்த வரலாறு நேர்மாறாக நடந்தது. 1998இல் சக்தி தொலைக்காட்சி வந்தது, 2009இல் வசந்தம். முழுநேரத் தமிழ் கிடைத்தபோது, பிள்ளைகளுக்கென ஒதுங்கியிருந்த அந்த மாலைப்பொழுது உலகெங்குமே கரையத் தொடங்கியிருந்தது. அதற்குள் லயங்களுக்கும் மின்சாரம் வந்து, தகரக் கூரைகளின்மீது டிஷ் அன்ரெனாக்கள் முளைத்திருந்தன. சென்னையில் 2007ஆம் ஆண்டு ஏப்ரல் 29ஆம் திகதி சுட்டி டிவி தொடங்கியது. நாள் முழுவதும் தமிழில் சித்திரப்படம்! என் சிறுவயதில் இதைக் கேட்டிருந்தால் நம்பியிருக்க மாட்டேன். ஒருமுறை தோட்டத்துக்குப் போயிருந்தபோது, அடுத்த வீட்டுச் சிறுவன் "சூப்பர் ஐடியா, வாங்க நண்பர்களே!" என்று சென்னைக் குரல்மாற்றுத் தமிழில் கூவிக்கொண்டு ஓடினான். அவனுடைய பாட்டி அவனைப் பெருமையோடு பார்த்தார். எனக்கும் மகிழ்ச்சிதான். ஆயினும் அவனுக்குச் சிங்களம் தெரியாது. கீழ்க் கிராமத்துப் பிள்ளைகளுக்கு அவன் பார்க்கும் படம் தெரியாது. நாங்கள் ஜன்னலுக்கு வெளியே நின்றோம் என்பது உண்மை. ஆனால், அந்த ஜன்னலுக்கு வெளியே இரண்டு மொழிப் பிள்ளைகளும் நின்றோம். எது மேல் என்று என்னால் தீர்மானிக்க முடியவில்லை. இரண்டு காலத்திலும் அந்தப் பிள்ளையிடம் எவரும் கருத்துக் கேட்கவில்லை என்பது மட்டும் உறுதி.

2020 மார்ச் மாதத்தில் கொரோனாவால் பள்ளிக்கூடங்கள் மூடப்பட்டன. பிள்ளைகளுக்கான தொலைக்காட்சி என்ற பழைய எண்ணம் அப்போது அரசாங்கத்துக்குத் திடீரென்று நினைவுக்கு வந்தது. சிங்களத்தில் 'குரு கெதர', தமிழில் 'குருகுலம்' என்று பாடங்களை ஒளிபரப்பினார்கள். ஆசிரியர்களோ கைத்தொலைபேசியில் வகுப்பு நடத்தினார்கள். மலைப்பகுதிப் பிள்ளைகள் சமிக்ஞை தேடி மரத்திலும் பாறையிலும் ஏறி நின்ற படங்களை நீங்கள் செய்திகளில் பார்த்திருப்பீர்கள்.

பயணத்தடை தளர்ந்ததும் தோட்டத்துக்குப் போனேன். தம்பியின் மகள் சாதாரண தரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். பாடம் எப்படி நடக்கிறது என்று கேட்டேன்.

"லயத்துல சிக்னல் புடிக்காது பெரியப்பா. மேட்டுக்குத்தான் போகணும்."

"எந்த மேடு?"

"டீமேக்கர் வூட்டுக்குப் பின்னால. அங்கன ஒரு பழைய இரும்புக் கம்பம் நிக்குதுல்ல, அதுகிட்ட நின்னா நல்லாப் புடிக்கும். ஆனா ஒரு ஆளுக்குத்தான் எடம். நாங்க முறை வச்சிருக்கோம்."